துப்பாக்கி வீட்டு மாப்பிள்ளை

எண்ணூர் ரயிலில் பேசின் பிரிட்ஜில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"எக்கா, அமெரிக்கா மாப்ள இன்னா சொன்னாரு?"

"வியாசர்பாடின்னா கத்திக்குத்தாமே, பொண்ணு பாக்க ஓட்டல்லயே வச்சிக்கலாமான்னு கேட்டாரு. உங்க ஊர்ல எம்பொண்ணு பத்திரமா இருப்பாளான்னு நானும் கேட்டேன்."

"அதுக்கு?"

"பயப்படாதீங்க ஆன்ட்டி, வூட்ல துப்பாக்கி கீதுன்றாரு!"

பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"அட! அவுங்க துப்பாக்கி வச்சா பாதுகாப்பு, நம்ம பசங்க கத்தி வச்சா ரவுடியா? நீ இன்னா சொன்ன?"

"எங்க வூட்ல அருவாமண தான் கீது, அதுவும் மீன் அரிய. மொதல்ல நீங்க வூட்டுக்கு வாங்க, பொண்ண அனுப்புறத அப்பால பேசலாம்னேன். ஞாயித்துக்கெயம வர்றாரு."

"வயி தெரியாம முயிப்பாரே?"

"நம்ம தெரு முனைல ஒரு ரவுடி நிக்கிறான்ல, அவனத்தான் இட்டாரச் சொல்லிக்கீறேன். இப்பவே வெள்ள சட்டைய அயன் பண்ணி வச்சிக்கினான்."