கதவு சுவிட்சைக் கட்டின கம்பி

மத்தியானம் ரெண்டு மணி. ஜூன் மாசம். மெஹ்ரோலி ரோடு... எழுபத்தெட்டுல அங்க என்ன இருந்துச்சு? முள்ளுக்காடும் இடிஞ்ச மண்டபமும்தான். லூ அடிக்கிற நேரத்துல ஒரு நாய்கூட வெளிய வராது. அந்த அனல் காத்துல சைக்கிள் மிதிச்சுக்கிட்டுப் போறான் பூவராகவன்.

யாருன்னு கேக்கறீங்களா? எங்க ஆபீஸ் பரமசிவத்தோட மச்சான். சரோஜினி நகர்ல குவார்ட்டர்ஸ். கரண்டு அடுப்பு, சூளை எல்லாம் ரிப்பேர் பண்றவன். பொய் சொல்ற ஆளு இல்ல. வேணு, சிரிக்காத... கிட்ட வந்து ஒக்காரு.

போன எடம் ஒரு பீங்கான் பட்டறை. மொதலாளி ராஜசேகரன், நம்மூர்க்காரர்தான். கரண்டுல சுடற சூளை. "சூடே ஏற மாட்டேங்குது. காயில் போயிருச்சு. ஜல்தி மாத்திக் குடு"ன்னாரு. பட்டறையில வேற ஒருத்தரும் இல்ல. போன மாசம் பவுனுன்னு ஒரு விழுப்புரத்துப் பொம்பள அங்கயே செத்துட்டா... அதோட ஆளுங்க வர்றத நிறுத்திட்டாங்க. "ஹார்ட்டு"ன்னாரு ராஜசேகரன்.

பூவராகவன் மொதல்ல மெயின அணைச்சான். ஃபியூஸப் புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டான். மீட்டர வச்சுப் பாத்தா, இருபது ஓம் காட்ட வேண்டிய காயில் நாப்பதுக்கு மேல காட்டுது. தேஞ்சுபோச்சு. தொட்டா அப்பளமா நொறுங்குது. உள்ள தலைய விட்டான்... முடி கருகின நாத்தம்.

அப்பத்தான் கதவு சுவிட்சப் பாத்தான். கதவத் தெறந்தா கரண்டு நிக்கணும், அதுக்குத்தான் அது இருக்கு. அதக் கம்பி போட்டு அமுக்கிக் கட்டியிருக்கு. கதவு தெறந்தாலும் உள்ள கரண்டு ஓடும்.

அவனுக்கு ரத்தம் கொதிச்சுருச்சு.

"ஹார்ட்டா? இது ஹார்ட்டாய்யா?"

"கத்தாதப்பா. உள்ள ஒரு சாடி சாஞ்சிருச்சு, நிமித்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அணைச்சுக்கிட்டிருந்தா ஆர்டர எப்ப முடிக்கிறது? களிமண் அப்பின ஈரக் கையோட போய்த் தொட்டா அதுக்கு நானா பொறுப்பு?"

"கொன்னுட்டுப் பேசறியாடா!" கையில இருந்த ஸ்பானர வீசினான். சுவத்துல பட்டு... ணங்! "நான் போலீஸுக்குப் போறேன். ஒன் சூளைய இனிமே தொட மாட்டேன்."

"போடா. நானே மாட்டிக்கிறேன்." ராஜசேகரன் மண்டி போட்டு, பழைய காயிலப் புடுங்க கைய உள்ள விட்டாரு.

டிக்... டிக்... சூளை ஆறும்போது செங்கல்லு போடுமே, அந்தச் சத்தம். அன்னைக்கு எரியவே இல்லாத சூளையில.

உள்ளயிருந்து ஒரு பொம்பளக் குரல். மெதுவா.

"ஐயா... மெயின அணைச்சிட்டீங்களா?"

ராஜசேகரன் வாய் தானா பதில் சொல்லுது. "அணைச்சாச்சு, அணைச்சாச்சு. கைய உள்ள விடு."

சொன்னப்புறம்தான் மூஞ்சி வெளுத்துச்சு. பவுனு செத்த அன்னைக்கும் இதையேதான் சொல்லியிருக்கான், பாவி!

காயில் சிவக்க ஆரம்பிச்சுது. ஃபியூஸ் பூவராகவன் பையில இருக்கு... காயில் செக்கச் செவேல்னு சிவக்குது. ராஜசேகரன் அலறறாரு, கைய வெளிய எடுக்க முடியல. அப்படியே விட்டுட்டுப் போயிடலாம்னு ஒரு நிமிஷம் தோணிச்சாம் இவனுக்கு. நானா இருந்தா விட்டுட்டுத்தான் போயிருப்பேன். இவன் மனசு கேக்கல. பெல்ட்டப் புடிச்சு இழுத்தான். வரல. உள்ளயும் யாரோ இழுக்கிறாங்க.

"பவுனு... நான் ஊருக்கெல்லாம் சொல்றேம்மா. விட்டுரு!"ன்னு கத்தினான் பூவராகவன்.

பொத்துன்னு வந்து விழுந்தாரு.

உயிர் தப்பிச்சுது. அந்தக் கை மட்டும் அப்புறம் அசையவே இல்ல. பூவராகவன் சொன்ன சொல்லக் காப்பாத்தினான். சுவிட்சக் கம்பியோட கழட்டி எடுத்துட்டுப் போய் ஸ்டேஷன் மேஜையில வச்சான். "பாகல் ஹை க்யா?" பைத்தியமா நீன்னு கேட்டு வெரட்டிட்டானுங்க. இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது.

ஆனா ஆஸ்பத்திரில ஒண்ணு நடந்துச்சு... அந்தக் கையில ஒரு தீக்காயம்கூட இல்லியாம். முழங்கை வரைக்கும் ஈரக் களிமண். நர்ஸ் கழுவினா. மறுபடி கழுவினா... தண்ணி தெளியவே இல்ல.

நகக் கண்ணுலேருந்து களிமண் வந்துக்கிட்டே இருந்துச்சாம்.