தேட ஆளில்லாத பிள்ளைகள்

ஆய்வாளர் மலர்க்கொடி அவர்களுக்கு: நிலைய எழுத்தர் எழுதிய என் வாக்குமூலத்தில் ஏழு பிழைகள் இருந்தன. ஆகவே நானே எழுதித் தருகிறேன்.

குத்தாலத்தை அடுத்த ஒரு பள்ளியில் முப்பத்தோராண்டு தமிழாசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்றபின், வெளிநாட்டுக் கணினி வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சாமிதுரை என்ற முகவர் என்னிடம் ஒப்படைத்தார். என் சொல்லை நம்பிக் கடவுச்சீட்டு எடுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள்.

முதலில் அனுப்பியது அச்சுதனை. வகுப்பில் முதல் மாணவன். மூன்றே வாரத்தில் அவன் தந்தை தூதரகம்வரை போராடி மகனை மீட்டுவிட்டார். அதன்பின் தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமிதுரை பொறுமையாகவே சொன்னார்:

"படிப்பப் பாக்காதீங்க சார். காணாமப் போனா தேடறதுக்கு ஆள் இல்லாத பிள்ளையாப் பாருங்க."

அத்தகுதியை எந்த நேர்காணலிலும் கண்டறிய இயலாது. எனக்கு இயன்றது. மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பத்தைத் தாமே போட்டுவந்த பிள்ளைகளை நான் மறந்ததில்லை. அன்று அவர்களைப் பிரம்பால் அடித்தேன். இன்று வேலை வாங்கித் தந்தேன்.

அங்கு நடப்பது எனக்குத் தெரியாது என்று எழுத்தர் எழுதியிருந்தார். அது எட்டாவது பிழை. மூன்றாவதாக அனுப்பிய அறிவுச்செல்வன் தொலைபேசியில் சொன்னான். கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, பூட்டிய கட்டடத்தில் வைத்து, முகம் தெரியாதவர்களிடம் பணம் பறிக்கச் சொல்கிறார்களாம். மறுத்தால் மின்சாரம் பாய்ச்சுகிறார்களாம். வாக்கியத்தை முடிக்காமல் பேசும் பழக்கம் அவனுக்கு அப்போதும் போகவில்லை. அதன்பிறகு பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்தேன்.

மொத்தம் பத்தொன்பது பேர். அச்சுதனையும் கனிமொழியையும் நீக்கினால், மீதிப் பதினேழு பேரைத் தேடி இன்றுவரை ஒருவரும் வரவில்லை. என் தேர்வுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கனிமொழி விஷயத்தில்தான் எனக்குத் துரோகம் நடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லாக் கையொப்பமும் அவள் போட்டதே. அவளும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறாள். அவளிடமிருந்து பேச்சு நின்றதும், நடவு வேலையை விட்டுவிட்டு நாற்பது நாள் உங்கள் நிலைய வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பொன்னுத்தாய். கனிமொழியின் தாயாம். நேற்று எங்களை நேருக்கு நேர் நிறுத்தினீர்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்க. அதான் பாப்பாவே போட்டுக்கும். ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தேன் சார். சேத்துக் காலோட உள்ள வராதேன்னு நீங்கதான் கேட்லயே திருப்பி அனுப்புனீங்க."

எனக்கு நினைவில்லை. நடந்திருக்கலாம். ஆனால், தான் யாருடைய தாய் என்பதை அன்றே அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கனிமொழியை அனுப்பியிருக்கவே மாட்டேன்.

வேறொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.