இடது கார்னரில் நின்றவள்

விஜயராஜ்: ஹரிணி குடுத்த புகாரப் படிக்கிறேன். "2025 ஜனவரி 18, சனிக்கிழமை, மாலை 5.40. நெய்வேலி, வட்டம் பதினேழு மைதானம். மகளிர் கபடி அரையிறுதி. ஆட்டம் முடிய நாற்பது விநாடி இருக்கையில் இரு அணிகளும் 26 புள்ளிகள். கடைசி ரைடில் நான் பிடிபட்டேன். விடியல் அணி 27–26 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது." இதுவரைக்கும் சரியா? ஆட்சேபம் எதாவது...

புவனா: இல்லீங்க சார். அதுல ஒன்னும் பொய் இல்ல.

ஹரிணி: அடுத்த பாரா படிங்க அங்கிள்.

விஜயராஜ்: இரும்மா, கண்ணாடியப் போட்டுக்கிறேன். "விடியல் அணி கேப்டன் புவனா, கால் ஊனமானவர் போல நடித்து..."

புவனா: ஊனமா? அப்டியா எழுதிக்கிற பாப்பா?

ஹரிணி: காயம்னு எழுதியிருக்கணும். அவசரத்துல... சாரி.

புவனா: பரவால்ல. அடிச்சிட்டு எழுது. நான் இருக்கேன்.

விஜயராஜ்: "...நடித்து, போலி வியூகம் அமைத்து என்னை ஏமாற்றினார். முடிவை ரத்து செய்ய வேண்டும். இப்படிக்கு ஹரிணி, கேப்டன், பிளாக் 21 அணி." அவ்ளோதான். இந்த மன்றத்துக்கு ஆறு வருஷமா நான் செக்ரட்டரி. கோலப் போட்டியில புள்ளி எண்ணி சண்ட போட்டவங்களப் பாத்திருக்கேன். ஸ்லோ சைக்கிள்ல கால் ஊனுனான், ஊனலன்னு பஞ்சாயத்து பண்ணியிருக்கேன். வியூகம்னு புகார் வந்தது இதான் மொத தடவ. சாயந்திரம் நாலு மணிக்கு பைனல். அதுக்குள்ள முடிக்கணும்.

புவனா: எனக்கு அவ்ளோ நேரம் இல்ல சார். காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு. பாதியில, சூப்பர்வைசர் கிட்ட ஒரு மணி நேரம் கேட்டுட்டு வந்துக்கிறேன். கூட்டுற எடத்துலேர்ந்து அப்டியே வர்றேன், ஷூவப் பாத்தாலே தெரியும்.

ஹரிணி: நான் மட்டும் சும்மாவா வந்தேன்? இன்னிக்கு பிராக்டிஸ் போச்சு எனக்கு.

புவனா: ஐயோ பாவம்.

விஜயராஜ்: ஆரம்பிச்சிடாதீங்க. இந்த மேஜைதான் ஆடுகளம்னு வெச்சுக்கோங்க. டீ கிளாசு புவனா. ஸ்டாம்ப் பேடு ஹரிணி. யாரு எங்க நின்னீங்க?

புவனா: காலி கிளாசா நானு?

விஜயராஜ்: உனக்கும் டீ சொல்லியிருக்கும்மா. வரும்.

ஹரிணி: அவங்க டீம்ல அப்ப நாலு பேர்தான் உள்ள. மூனு பேர் வலது பக்கம் கையக் கோத்துக்கிட்டு ஒட்டி நிக்கிறாங்க... அந்த பேனாவெல்லாம் இங்க வைங்க அங்கிள். இடது கார்னர்ல இவங்க மட்டும் தனியா. செகண்ட் ஹாஃப் பூரா இடது கால இழுத்து இழுத்து நடந்தாங்க. ஒருவாட்டி குனிஞ்சு கணுக்காலக்கூட அமுக்கி விட்டுக்கிட்டாங்க. பாத்தவங்க எல்லாம் ச்சச்சோன்னாங்க. என்கிட்ட வீடியோ இருக்கு.

விஜயராஜ்: பாத்தேன். அப்புறம்?

ஹரிணி: தொடப் போனேன். தொட்டதுதான் தெரியும், அப்டியே விழுந்து என் கணுக்காலப் பிடிச்சிட்டாங்க. வலது பக்கத்து மூனு பேரும் பாஞ்சு வந்து மேல விழுந்துட்டாங்க.

புவனா: அதுக்குப் பேருதான் கபடி.

ஹரிணி: அதுக்குப் பேரு ஏமாத்து!

புவனா: நீ ரைடு வர்றப்ப கைய இந்தப் பக்கம் ஆட்டிட்டு கால அந்தப் பக்கம் வுடுறியே, அது என்னா? எங்க தமிழ்நிலாவ அப்டித்தான் அவுட்டாக்குன. நாங்க போயி புகார் எழுதுனமா?

ஹரிணி: அது ஸ்கில்.

புவனா: ஓ. நீ பண்ணா ஸ்கில்லு.

ஹரிணி: கைய ஆட்டுறது வேற அக்கா. அது கபடிதான்னு எல்லாருக்கும் தெரியும். நொண்டுறது... அது உடம்பப் பத்தின விஷயம். நம்பித்தான ஆகணும்? எனக்கு நெஜமாவே பாவமா இருந்துச்சு.

புவனா: பாவம் பாத்து வந்தியா, பாயின்ட்டு பாத்து வந்தியா?

ஹரிணி: ரைடுக்கு வந்தேன்.

புவனா: சொல்லு பாப்பா. நாலு பேரு நிக்கிறோம். மூனு பேருக்கு நல்ல காலு. ஒருத்தி நொண்டுறா. நீ யாரு கிட்ட வந்த?

ஹரிணி: வீக்கா இருக்கிற எடத்துக்குத்தான் ரைடர் வருவா.

புவனா: அப்ப சரி. நொண்டுறவள அவுட்டாக்கலாம்னு வந்த. அவ நொண்டலன்ன ஒடனே காயிதம் எடுத்து எழுதிட்ட. நான் நெஜமா நொண்டியா இருந்து நீ அவுட்டாக்கியிருந்தா, நேத்து ராத்திரி எனக்கு மன்னிப்பு எழுதிக் குடுத்திருப்பியா?

விஜயராஜ்: ஹ... கேள்வி ஞாயமாத்தான் இருக்கு.

ஹரிணி: அங்கிள்!

புவனா: பாருங்க சார். அது அங்கிள்னு கூப்புடுது. நான் சார்னு கூப்புடுறேன். தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்னு அதுலயே தெரியுது.

விஜயராஜ்: ஹரிணி, இந்த ரூமுக்குள்ள நீயும் சார்னு கூப்புடு.

ஹரிணி: சரி அங்... சரி சார்.

விஜயராஜ்: நான் நேத்து ராத்திரி பூரா இதத்தான் யோசிச்சேன். எங்க பையன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அமெரிக்கன் ஃபுட்பால். நம்ம ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, பந்த இடுக்கிக்கிட்டு ஒருத்தன ஒருத்தன் முட்டுவானுங்களே...

புவனா: கபடி மாதிரின்னு சொல்லுங்க.

விஜயராஜ்: ஏறக்குறைய. அதுல ஒருத்தன், ஆட்டத்த விட்டு வெளிய போறவன் மாதிரி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு கோட்டு ஓரமாவே போறான். எவனும் அவனக் கண்டுக்கல. பட்டுனு பந்து அவன் கைக்குப் போயிடுச்சு. எடுத்துக்கிட்டு ஓடிட்டான்.

புவனா: கெட்டிக்காரன்.

ஹரிணி: ஃபிராடு.

விஜயராஜ்: அங்கயும் இதே ரெண்டு கட்சிதான். வீடியோவுக்குக் கீழ மாத்தி மாத்தி திட்டிக்கிறானுங்க. ஒருத்தர் மட்டும் நிதானமா எழுதியிருந்தாரு. யாரு எங்க நிக்கிறது, எப்படி நிக்கிறதுன்றத வெச்சு எதிராளிய எவ்ளோ வேணா ஏமாத்தலாம், அது ஆட்டம். ஆனா ஆட்டத்துலயே இல்லாத ஆளு மாதிரி நடிச்சா, அது ஏமாத்து. அங்க அதுக்கு ரூலே இருக்காம்.

புவனா: அது அமெரிக்கா ரூலு. நம்ம கபடி ரூல் புக்குல நொண்டக் கூடாதுன்னு எங்க போட்டுக்குது, காட்டுங்க.

விஜயராஜ்: போடல. ரெஃப்ரி குழந்தைவேல் கிட்டயும் கேட்டுட்டேன். "எனக்குத் தெரியாது, கமிட்டி முடிவு பண்ணட்டும்"னுட்டாரு. அதனால இப்ப நாந்தான் முடிவு பண்ணணும். புவனா, நீ கார்னர்ல தனியா நின்னது உன் இஷ்டம். மூனு பேரும் அந்தப் பக்கம் ஒதுங்குனது அவங்க இஷ்டம். அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அந்த நொண்டல்... அது நெஜமா, நடிப்பா? கேள்வி அது ஒன்னுதான்.

புவனா: நெஜம்னா?

விஜயராஜ்: புகாரக் கிழிச்சுப் போட்டுடுவேன். கால்ல அடிபட்டவ ஓட முடியாம ஒரு மூலையில நின்னா, அதுல என்ன ஏமாத்து இருக்கு? பைனல் உங்களுக்கு. நீ ஒன்னும் பண்ண வேணாம், இப்ப டாக்டர் கிட்ட போயி ஒரு சீட்டு வாங்கியா. காயம்னு ஒரு வார்த்த இருந்தா போதும்.

புவனா: நடிப்புன்னா?

விஜயராஜ்: அந்த ரைடு செல்லாது. 26–26. சமம்னா மொதப் புள்ளி எடுத்த அணின்னு மன்றத்து விதி. அது ஹரிணி டீம்.

புவனா: நடிச்சேன் சார்.

ஹரிணி: ...பாத்தீங்களா.

விஜயராஜ்: நல்லா யோசிச்சு சொல்லு புவனா. கான்ட்ராக்ட் பொம்பளைங்க டீம் ஒன்னு பைனலுக்கு வர்றது இதான் மொத வருஷம். மத்த பொண்ணுங்க என்ன சொல்லுவாங்க?

புவனா: எல்லாரையும் கேட்டுக்கினுதான் வந்தேன். நடிச்சேன். இன்னொருவாட்டி ஆடுனாலும் நடிப்பேன். இவங்க டீமுக்கு கோச்சு, ஷூவு, சாயந்திரமானா மேட்டு விரிச்சி பிராக்டிஸு. எங்களுக்கு பண்ருட்டி பஸ்ஸுக்கு நிக்கிற நேரந்தான் பிராக்டிஸு. மூளையையாவது வெச்சி ஆட வேணாமா?

விஜயராஜ்: தைரியமாத்தான் பேசுற. சரி... எழுந்து நட. அந்த பீரோ வரைக்கும் போயிட்டு வா.

புவனா: எதுக்கு சார்?

விஜயராஜ்: நான் என் கண்ணால பாக்கணும். நாளைக்கு எவனாவது கேட்டா பதில் சொல்லணும்ல.

புவனா: நடக்குறேன்... பாத்துக்கோங்க... போதுமா? வர்றேன்... இன்னும் ஒருவாட்டி போவட்டா?

விஜயராஜ்: போதும், போதும். நேராத்தான் நடக்குற. ஷூவ மட்டும் கழட்டிக் காட்டிடு.

புவனா: வேணாம் சார். காலைலேர்ந்து வடிகால்ல நின்னு கூட்டிக்கினு இருந்தேன். இதக் கழட்டுனா அப்புறம் இந்த ரூமுல நீங்க உக்கார முடியாது.

விஜயராஜ்: ஹ ஹா... சரி, சரி, இருக்கட்டும். ஏம்மா இப்டி வேர்க்குது உனக்கு? ஃபேன இன்னும் வேகமா வைக்கட்டா?

புவனா: பயம் சார். ஆபீசு ரூமுன்னா அப்டித்தான்.

ஹரிணி: சார்... அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே. விட்டுடலாம்.

விஜயராஜ்: எழுதுறேன். "கடைசி ரைடில் கேப்டன் புவனா காயம் பட்டது போல நடித்ததாக அவரே ஒப்புக்கொண்டதால்..."

புவனா: சார், அதுக்குக் கீழயே இன்னொரு வரி எழுதுங்க. "அவர் காலில் காயம் எதுவும் இல்லை என்பதை நேரில் பார்த்தேன்."

விஜயராஜ்: அது எதுக்கு? ஒப்புக்கிட்டாலே போதும்.

புவனா: எழுதுங்க சார். செய்யிறத முழுசா செய்யணும். கையெழுத்து, சீலு, அப்புறம் எனக்கு ஒரு காப்பி.

விஜயராஜ்: தோத்ததுக்கு காப்பி கேக்குற மொத ஆளு நீதான். இந்தா. உங்க கான்ட்ராக்டர் காதுக்கு இது போனா எதாவது சொல்லுவாரா? ஏமாத்துக்காரின்னு?

புவனா: அவருக்கு அதெல்லாம் கவல இல்ல சார். ரெண்டு கை, ரெண்டு கால் வேல செய்யிதான்னுதான் பாப்பாரு. நாளைக்கு கேட் பாஸுக்கு மெடிக்கலு, பாஸு இருந்தாத்தான் வேல. அது முடிஞ்சா அடுத்த வருஷந்தான்.

விஜயராஜ்: நல்லது. நான் போயி மைக்குல சொல்லிட்டு வந்துடுறேன். டீ வந்தா ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் போங்க. சண்ட போடாதீங்க.

புவனா: என்னா பாப்பா, இன்னும் நிக்கிற? ஜெயிச்சிட்டல்ல. போ, போயி பைனலுக்கு ரெடியாவு.

ஹரிணி: நீங்க வர்ல?

புவனா: ஷூ லேசு கட்டிக்கினு வர்றேன்.

ஹரிணி: கட்டித்தான் இருக்கு.

புவனா: இறுக்கிக் கட்டணும்.

ஹரிணி: எழுந்திருங்க அக்கா. கையக் குடுங்க.

புவனா: வேணாம். தொடாத... ஒரு நிமிசம். கொஞ்ச நேரம் போனா நிக்க வரும்.

மைக்: ...அறிவிப்பு. நேற்று நடைபெற்ற மகளிர் கபடி அரையிறுதியின் முடிவு மாற்றப்பட்டுள்ளது. பிளாக் 21 அணி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படுகிறது. இறுதி ஆட்டம் மாலை நான்கு மணிக்கு...

புவனா: கேட்டியா? சந்தோசமா இரு.

ஹரிணி: எப்ப அடிபட்டுச்சு?

புவனா: ...ஒம்போது நாளாவுது. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான். வீங்கிக்கினுது. என் எடத்தயும் சேத்து கூட வேல செய்யிற சங்கீதாதான் கூட்டிக்கினு இருக்கா, நான் உக்காந்து குப்ப மூட்ட கட்டிக்கினு ஓட்டுறேன். வேகமா நடக்க முடியல. ஓட முடியாதவளுக்கு கார்னர்தான எடம்? பக்கத்துல வந்தா விழுந்து புடிக்கலாம். மூனு பேரும் மீதி எடத்தப் பாத்துக்கினாங்க. வியூகமாம் வியூகம்.

ஹரிணி: அத சார் கிட்ட சொல்லியிருந்தா பைனல் உங்களுது.

புவனா: பைனலு எங்களுது, பாஸு வேற எவளுதோ. நேத்து சூப்பர்வைசரு மேட்ச் பாத்திருக்காரு. காலைல வந்த ஒடனே, என்னா புவனா, கால்ல என்னான்னாரு. நடிச்சேன் சார்னேன். சிரிச்சாரு. நம்புன மாதிரி இல்ல. இப்ப இந்தக் காயிதத்தக் காட்டுவேன். மன்றமே எழுதிக் குடுத்திருக்குது, சீலு போட்டு. நாளைக்கு ஒரு அம்பது அடி டாக்டரு முன்னாடி நேரா நடந்தா போதும். இங்க நடந்த மாதிரியே அங்கயும் நடப்பேன். நீ யாரு கிட்டயும் சொல்லிடாத. நீயும் நடிப்புன்னே நம்பிக்கினு இரு. எதுக்கு அழுவுற? உனக்கென்னா தெரியும்? தெரியாமத்தான எழுதுன?

ஹரிணி: தெரியும்க்கா. நேத்து கீழ விழுந்தப்ப என் கை உங்க கால் மேலதான் இருந்துச்சு. சாக்ஸுக்கு மேலயே சுட்டுச்சு, பன்னு மாதிரி இருந்துச்சு. நாளைக்கு உங்களுக்கெல்லாம் மெடிக்கல்னு நோட்டீஸ் போர்டுல பாத்திருந்தேன், அடிபட்டுச்சுன்னு நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதுக்கப்புறம்தான் வீட்டுக்குப் போயி புகார் எழுதுனேன்.