தாம் கிழித்த கோட்டைத் தாமே அழித்த விர்ஜில் குச்சேரா அவர்களுக்கு

நெப்ராஸ்கா மாநிலம், ஆல்டர் பெண்ட் நாரைகள் பேஸ்பால் கழகத்தில் இருபத்தாறு கோடைகள் பந்தெறி பயிற்சியாளராகப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் உயர்திரு விர்ஜில் குச்சேரா அவர்களின் திருமுன், உடன் உழைத்தோரும், உடன் உண்டோரும், உடன் சண்டையிட்டோரும் உவந்து படைக்கும் மடல்.

எறிமேட்டின் ஏந்தலே!

களிமண்ணைக் கண்போல் காத்தவரே! கை வலித்தவனுக்குக் கனிவும், கை வலியை மறைத்தவனுக்குக் கண்டிப்பும் காட்டிய பெருந்தகையே! வாதாட உட்கார்ந்தால் வந்த காப்பி ஆறிப் போவதையும், போகவேண்டிய பேருந்து புறப்பட்டுப் போவதையும் பொருட்படுத்தாத பேராளரே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பண்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவது முறை. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். நேர்மை என்று எழுதினோம். உழைப்பு என்று எழுதினோம். பொறுமை என்று எழுதியதும் பந்து பிடிக்கும் கேட்சர்களின் பயிற்சியாளர் ரமோன் ஓச்சோவா பேனாவைப் பிடுங்கி அந்தச் சொல்லை அடித்துவிட்டார். "பொறுமையா? இவருக்கா? இருபது வருஷமா என்னை ஒரு வாக்கியம் முழுசா முடிக்க விட்டிருக்காரா, கேளுங்க!" என்றார். ஆகவே பண்புகளைச் சொல்லாமல், அவை அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்ட ஒரு கோடையைச் சொல்கிறோம். பொறுமை அதில் உண்டா இல்லையா என்பதைக் கேட்போர் முடிவு செய்து கொள்ளட்டும்.

குறுகிய எட்டின் கொற்றவரே!

பந்தை எறியும் நேரத்தில் முன்காலை எவ்வளவு தூரம் எட்டி வைப்பது? இந்த ஒரு கேள்விக்கு இரு விடை கண்ட இரு பெரியோர் இக்கழகத்தில் வாழ்ந்தீர்கள். நீண்ட கால் நாரையைச் சட்டையின் நெஞ்சில் அணிந்துகொண்டே, "காலை நீட்டாதே, நீட்டாதே" என்று முழங்கியவர் தாங்கள். தாமே குள்ளமாக இருந்துகொண்டு, "நீட்டு, இன்னும் நீட்டு" என்று முழங்கியவர் ஓச்சோவா. லோரீன் அம்மையாரின் உணவகத்தில் மூலை மேசை உங்கள் வாத மேடை. தக்காளிச் சாறு புட்டி எறிவாளர் நிற்கும் எறிமேடு, முள்கரண்டி முன்கால், உப்புக் குப்பி மட்டையாளர்.

"யோவ் விர்ஜில், நான் மட்டையாளன் நிக்கிற தட்டுக்குப் பின்னால குந்திக் குந்தியே முட்டி தேஞ்சவன். எனக்குத் தெரியாதா? நீட்டி வச்சு எறியறவன் பந்து மூஞ்சிக்கு முன்னால வந்து முளைக்கும். உன் பசங்க பந்து தபால்ல வர்ற மாதிரி வருது" என்பார் ஓச்சோவா, முள்கரண்டியை உப்புக் குப்பியின் அருகே தள்ளி.

"நல்லா முளைக்கும். நீட்டி வச்சா இடுப்பு கீழ உட்காந்திரும்யா. உடம்பு முன்னால போயிடும், கை பின்னாலயே நிக்கும். அப்புறம் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பான். நீயா போய் பூ குடுப்ப?" என்று தாங்கள் முள்கரண்டியைப் பின்னுக்கு இழுப்பீர்கள்.

"ரெண்டு பேரும் என் கரண்டியைக் கீழ வச்சிட்டு, ஆறிப்போன ரன்சா ரொட்டியைத் தின்னுட்டு எந்திரிங்க. மத்தவங்களுக்கும் பசிக்கும்" என்பார் லோரீன். அந்த வாதத்தில் இதுவரை தீர்ப்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

ஏழு கோடைகளுக்கு முன் வெஸ் டில்லரி நம்மிடம் வந்தார். இருபத்தெட்டு வயது, வலுவான தோள், மூன்று கழகங்கள் வேண்டாம் என்று அனுப்பிய வரலாறு. குளிர்காலத்தில் மாட்டுத் தீவன ஆலையில் மூட்டை ஏற்றி, கோடையில் பந்து எறிந்தவர். வந்த அன்றே தங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்: "கோச், இதுதான் கடைசி. இங்கயும் ஆகலேன்னா பந்தைத் தூக்கிப் போட்டுட்டு ஆலையிலயே இருந்துடறேன்னு ஜனெல்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்." ஜனெல் அவர் மனைவி.

தாங்கள் அவரைப் பயிற்சி மேட்டில் நிறுத்தி, எறியச் சொல்லிப் பார்த்து, அவர் கால் விழவேண்டிய இடத்தில் ஷூ நுனியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தீர்கள். "இதைத் தாண்டாதே. தாண்டினா கை உன்னுது இல்ல" என்றீர்கள். வெஸ் தாண்டவில்லை. பயிற்சி மேட்டில் அவர் எறிந்த பந்துகள் கேட்சரின் கையுறைக்குள் பூட்டுக்குள் சாவி போல நுழைந்தன. ஓச்சோவாவே ஒருநாள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

ஆனால் ஆட்டத்தில்? அதே தோள், அதே கால், அதே கோட்டளவு. முதல் பந்து கேட்சரின் தலைக்கு மேல் பறந்து வலையில் மோதும். அடுத்த பந்து தட்டுக்கு முன் மண்ணில் குத்தும். ஆட்டத்துக்கு ஆட்டம் இப்படியே போயிற்று. "கோட்டை அழிச்சிட்டு அவனை நீட்டி வைக்கச் சொல்லுய்யா" என்றார் ஓச்சோவா. "அவன் பயத்துல நீட்டறான். அதான் கெடுது. கோடு சரியாத்தான் இருக்கு" என்றீர்கள் தாங்கள். நடுவில் வெஸ், நான்கு பந்து தவறினால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கலாம் என்ற விதியால் எதிரணியார் நடந்து நடந்து ஓட்டம் எடுப்பதைப் பார்த்து நின்றார்.

நம் கழகத்தில் ஒருவரை அனுப்புவது எப்படி என்று அனைவரும் அறிவோம். யாரும் அழைத்துப் பேசுவதில்லை. அவர் வருவதற்கு முன் அவருடைய பையைக் கொக்கியிலிருந்து எடுத்து, உடை மாற்றும் அறைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். பையைப் பார்த்தவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். திங்கட்கிழமை காலை வெஸ்ஸின் பை வெளியே வைக்கப்படும் என்று மேலாளர் கிளைட் ஹன்சன் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் தங்களிடம் கூறினார்.

தன் பிழை தானே கண்ட தகைமையரே!

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், கழுத்துப் பட்டையும் கறுப்புக் கோட்டுமாக, ஓச்சோவாவையும் இழுத்துக்கொண்டு தாங்கள் மைதானத்துக்கு வந்தீர்கள். முதலில் ஆட்ட மேட்டின் அருகே புல்லில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, மேட்டின் சரிவைப் பார்த்தீர்கள். எழுந்து சென்று பயிற்சி மேட்டின் அருகே அதேபோல் படுத்தீர்கள். வெகுநேரம் எழவில்லை.

"என்னய்யா, தூங்கிட்டியா? மாரடைப்பா? எதுன்னாலும் சொல்லிட்டுப் படு" என்றார் ஓச்சோவா.

"ரமோன், நீயும் படு."

"புதுக் கோட்டுய்யா!"

"படுய்யாங்கறேன்."

அவரும் படுத்தார். பார்த்தார். ஆட்ட மேடு முன்பக்கம் இறங்கி இறங்கிச் சரிந்தது. பயிற்சி மேடோ கால் விழும் இடத்தில் திண்ணென்று நிமிர்ந்து, கிட்டத்தட்டச் சமதரையாக நின்றது.

அந்த மண் யார் போட்டது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் மடல் முழுமை பெறாது. பயிற்சி மேட்டில் மைதானப் பணியாளர் எவரையும் கைவைக்க விட்டதில்லை தாங்கள். எறிவாளர்களின் கால் தோண்டிய குழியை ஒவ்வொரு மாலையும் தங்கள் கையாலேயே களிமண் இட்டு, நீர் தெளித்து, மரக்கட்டையால் இடித்து மூடுவீர்கள். குழி நிரம்பிய பின்னும், நாளை கால் வழுக்கக்கூடாதே என்று ஒரு பிடி அதிகம் வைப்பீர்கள். அந்த ஒரு பிடி, அன்பினால் வைத்த அந்த ஒரு பிடி, கோடை கோடையாகச் சேர்ந்து சரிவையே தின்றுவிட்டது. அங்கே பழகிய வெஸ்ஸின் கால், ஆட்டத்தில் தரையைத் தேடும்போது தரை அங்கே இல்லை. இன்னும் கீழே இருந்தது. மாடிப்படியில் கடைசிப் படி முடிந்துவிட்டதென்று எண்ணிக் கால் வைத்தவனுக்கு இன்னொரு படி இருந்தால் எப்படி இருக்குமோ, ஒவ்வொரு பந்துக்கும் அவருக்கு அப்படி இருந்தது.

"பையன் பயந்து நீட்டல" என்றீர்கள், மண்ணில் கன்னம் வைத்தபடியே. "நான் ஒரு மண்ணுல அளந்த கோட்டை வச்சுக்கிட்டு இன்னொரு மண்ணுல அவனைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"அப்ப நீட்டி வைக்கறதுதான் சரின்னு ஒத்துக்கறியா?" என்றார் ஓச்சோவா.

"அதை நான் செத்தாலும் ஒத்துக்க மாட்டேன். எந்திரி."

திங்கள் காலை தாங்கள் வந்தபோது வெஸ்ஸின் பை கதவுக்கு வெளியே இருந்தது. வெஸ் இன்னும் வரவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நேரே ஹன்சனின் அறைக்குள் நுழைந்தீர்கள்.

"கிளைட், இவன் மேல தப்பில்ல. என் மேடு தப்பு, என் கோடு தப்பு. ஒரு ஆட்டம் குடு."

"விர்ஜில், வெளிய வச்ச பையை உள்ள கொண்டுவந்த வழக்கமே இங்க கிடையாது."

"இன்னிலேருந்து உண்டு. நாளைக்கு ஆட்டத்துல அவன் சொதப்பினா இதையும் வெளிய வை, பக்கத்துலயே என் பையையும் வை. நான் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

ஹன்சன் தங்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "ஒரு ஆட்டம்" என்றார். தாங்கள் பையைப் பழைய கொக்கியில் மாட்டினீர்கள். அது வெளியே போய் வந்த கதை வெஸ்ஸுக்கு அன்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு முன் அவரைப் பயிற்சி மேட்டுக்கு அழைத்துச் சென்று, அவர் கண்ணெதிரிலேயே கோட்டை ஷூவால் தேய்த்து அழித்தீர்கள். இரு மேடுகளின் சரிவில் கண்டதைச் சொன்னீர்கள்.

"அப்ப இத்தனை நாளா நான் என்னத்துக்குக் கோச் அந்தக் கோட்டைப் பாத்துப் பாத்துக் குதிச்சேன்?" என்றார் வெஸ்.

"என் முட்டாள்தனத்துக்கு. இன்னிக்குக் கீழ பாக்காத. கையுறையைப் பாரு. கால் எங்க விழுதோ அதான் உன் இடம். நானும் பேச மாட்டேன், ரமோனும் பேச மாட்டான்."

"நான் அப்படி எதுவும் வாக்குக் குடுக்கலையே!" என்று தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தப் பிற்பகல் முதல் மட்டையாளரை வெஸ் நடக்கவிட்டபோது எங்கள் அனைவரின் நெஞ்சும் கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்தது. தாங்கள் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தீர்கள், பேசவில்லை. ஓச்சோவா தொண்டையைச் செருமினார்; பேசவில்லை. இரண்டாம் மட்டையாளருக்கு எறிந்த பந்து தாழ்வாக, நேராக, கையுறை நடுவில் போய் அறைந்தது. அந்த ஒலி எங்களுக்கு இன்னும் கேட்கிறது. ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து அவர் இறங்கி வந்தபோது மரப்பலகை இருக்கைகளில் இருந்த ஆல்டர் பெண்ட் மக்கள் எழுந்து நின்றார்கள். ஹன்சன் தங்களிடம் தம் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினார். அவர் வழக்கத்தில் அதுதான் மன்னிப்பு.

ஆட்டம் முடிந்ததும் பெரியோர் இருவரும் எறிமேட்டுக்கு ஓடி, வெஸ்ஸின் கால் பதிந்த குழியின் இருபுறமும் மண்டியிட்டீர்கள்.

"பாத்தியா, உன் கோட்டைத் தாண்டித்தான் விழுந்திருக்கு!"

"நீ சொன்ன தூரத்துக்கு வந்திருக்கா? இல்லேல்ல? அப்ப எனக்குத்தான் பக்கம்."

"பக்கமா? கண்ணாடியைப் போட்டுப் பாருய்யா!"

மைதானப் பணியாளர்கள் மண்வெட்டியுடன் காத்து நின்று காத்து நின்று, கடைசியில் உங்கள் இருவரின் முழங்கால்களைச் சுற்றி மண் போட ஆரம்பித்தார்கள்.

பெரிய லீக் வெஸ் டில்லரியை அழைக்கவில்லை. அதை மறைத்து எழுத மனமில்லை. ஆனால் அவர் நமக்காக மேலும் ஆறு கோடைகள் எறிந்தார். தீவன ஆலைக்கு அவர் திரும்பவில்லை. தாங்களோ பயிற்சி மேட்டைச் சுரண்டி இறக்கி, சரிவை மீட்டு, மாலைக்கு மாலை மைதானப் பணியாளரை அழைத்து, "அந்தப் பக்கம் படுத்துப் பாத்துச் சொல்லு, நான் கூட வச்சுட்டேனா?" என்று கேட்கத் தொடங்கினீர்கள். இருபது ஆண்டுப் பழக்கத்தை இப்படி மாற்றிக்கொண்டவர் வேறு எவரையும் நாங்கள் கண்டதில்லை.

வாதத்தில் வளைந்து கொடுக்காத வள்ளலே!

தங்கள் இடத்துக்கு வரும் கோடை முதல் வெஸ் டில்லரியே வருகிறார் என்பதை இந்த அவையில் மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம். இம்மடலை இப்போது உரக்க வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே. இந்த இடம் வந்ததும் தண்ணீர் குடிக்க நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், நிறுத்தினால் பொறுத்தருள்க.

சென்ற வாரம் லோரீனின் உணவகத்தில் நடந்த ஒன்றைத் தாங்கள் அறியமாட்டீர்கள். மூலை மேசையில் தங்கள் நாற்காலியில் வெஸ் உட்கார்ந்தார். தக்காளிச் சாறு புட்டியை வைத்தார். முள்கரண்டியை எடுத்து, புதிதாக வந்த எறிவாளர் ஒருவரைப் பற்றி, "இவன் இன்னும் கொஞ்சம் நீட்டி வைக்கலாம்னு தோணுது, ரமோன்" என்றார். வாழ்நாள் முழுதும் நீண்ட எட்டுக்கு வாதாடிய ஓச்சோவா அந்தக் கரண்டியைப் பார்த்தார். பிறகு கை நீட்டி, அதைப் பின்னுக்கு இழுத்தார்.

"நீட்டி வச்சா இடுப்பு கீழ உட்காந்திரும்டா. உடம்பு முன்னால போயிடும், கை பின்னாலயே நிக்கும்" என்றார்.

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். லோரீன் கூட விரட்டவில்லை. "என்ன பாக்கறீங்க? அந்தாளு போயிட்டா அந்தப் பக்கம் யார்தான் பேசறது?" என்று ஓச்சோவா ரன்சாவைக் கடித்தார்.

பெருமகனே! தாங்களும் துணைவியார் ஆர்லீன் அம்மையாரும் நல்ல முழங்கால்களோடும், நல்ல பசியோடும், கொலாச்சிப் பலகாரம் வேகும் வாசம் வீசும் அடுக்களையோடும், மீன் கடிக்கும் ஏரியோடும் பல்லாண்டு வாழ்க! தங்கள் எட்டு எவ்வளவு குறுகினாலும் தங்கள் ஆயுள் நீள்க! (நீளம் நல்லது என்று இந்த ஓர் இடத்திலாவது அவர் ஒப்புக்கொள்ளட்டும் என்பது ஓச்சோவாவின் வேண்டுகோள்.)

இறுதியாக ஒரு செய்தி. இன்று காலை தாங்கள் உடை மாற்றும் அறைக்கு வந்தபோது, கதவுக்கு வெளியே ஒரு கணம் நின்று தரையைப் பார்த்ததை நாங்கள் பார்த்தோம். தங்கள் பை அங்கே இல்லை. அதை வெளியே வைக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. அது உள்ளேதான் இருக்கிறது, தங்கள் கொக்கியில். பக்கத்துக் கொக்கியில் வெஸ்ஸின் பை. எப்போது தோன்றினாலும் வாருங்கள். படுத்துப் பார்த்து, மண் கூடிவிட்டதா என்று சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்களோடு ஒரே மேட்டில் மண் மிதித்த
ஆல்டர் பெண்ட் நாரைகள் கழகப் பணியாளர்கள்
(ரமோன் ஓச்சோவா, மறுப்புரிமையுடன்)