ரத்தப் பொருத்தம்

— அப்ப சாதகம் பொருந்தியிட்டுது, ரத்தம்தான் பொருந்தேல்லை எண்டுறியள். என்ன மாமி?

— கேளும் தம்பி அஜந்தன், உம்மில எனக்கு ஒரு கோவமும் இல்லை. உம்மட அப்பா கசிப்புச் சாராயம் குடிச்சு ஈரல் கெட்டுச் செத்தவர். அப்பப்பாவும் அப்பிடித்தானாம். உம்மட அண்ணர் போன மாரிக்கு நெடுங்கேணிச் சந்தை வாசலில விழுந்து கிடந்தவர். சுகந்தினி நான் தனிச்சு வளத்த ஒரே பிள்ளை. எப்பிடித் தாறது, சொல்லும்?

— இதை ஏன் தரகர் வீரபாகு அண்ணையிட்டச் சொல்லி அனுப்பினனீங்கள்? அதுதான் புளியங்குளத்திலயிருந்து சைக்கிள் உழக்கி வந்தனான். என்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ.

— சொல்லுறன். குடி உங்கட ரத்தத்தில ஓடுது.

— ஓம், ஓடுது.

— என்ன சொல்லுறீர்?

— இல்லையெண்டு சொல்ல நான் வரேல்லை மாமி. அண்ணாவைக் காட்டப் போனபோது டொக்டரிட்ட நானே கேட்டனான். குடிகாரன்ர பிள்ளையைப் பிறந்த உடன குடியாத வீட்டில குடுத்து வளத்தாலும், மற்றப் பிள்ளையளைவிட அதுக்கு இந்தக் குடி வருத்தம் வாறது கூடவாம்.

— பாத்தீரோ! நான் சொன்னதைத்தானே அவரும் சொல்லியிருக்கிறார்.

— மிச்சத்தையும் கேளுங்கோ. கூட எண்டுதான் சொன்னவர், கட்டாயம் வரும் எண்டு சொல்லேல்லை. வாயில விடாதவனை ரத்தம் ஒண்டும் செய்யாதாம்.

— நீர் வாயில விட்டதே இல்லையோ?

— ஒருக்கா. அப்பா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவண்டைக்கு. அவருக்குப் படைச்ச சாராயத்தில அரைக் கிளாஸ். கூட நிண்டவங்கள் முகத்தைச் சுழிச்சுக் காறித் துப்பினாங்கள். எனக்கு அப்பிடி இல்லை மாமி. உடம்பெல்லாம் ஒரு ஆறுதல். இது இல்லாமலோ இவ்வளவு நாளும் இருந்தனான் எண்டு கிடந்தது. மற்றக் கிளாஸுக்குக் கை தானாப் போச்சு. அப்பதான் பயந்தனான். கொண்டுபோய்க் கிணத்தடியில ஊத்திப்போட்டன். இண்டைக்கு ஒன்பது வருஷம்.

— ஐயோ, பிடிச்சதெண்டு தன்ர வாயாலயே சொல்லுறாரே!

— பிடிச்சபடியால்தான் தொடுறேல்லை. டிராக்டர் திருத்துற இடத்தில ஒவ்வொரு பின்னேரமும் நீட்டுறாங்கள். ஒவ்வொரு பின்னேரமும் வேண்டாமெண்டுறன். நாளைக்கும் வேண்டாமெண்டுதான் சொல்லுவன். ரத்தம் அப்பான்ரதாய் இருக்கட்டும் மாமி, கை என்ரது.

— சுகந்தினி! குசினிக்குள்ள நிண்டு கேட்டனியோடி? இந்த மனிசனையோ நீ கட்டப்போறாய்?

— எல்லாம் கேட்டனான் அம்மா. இனி எங்கட கதையையும் அவருக்குச் சொல்லுங்கோ.

— நீ உள்ள போ.

— போகமாட்டன். அப்பா மலேரியாவில செத்தவர் எண்டு பதினைஞ்சு வருஷமா ஊருக்குச் சொன்னது போதும். அஜந்தன், எங்கட அப்பாவும் கசிப்பாலதான் போனவர். உங்களுக்குள்ள ஓடுறதுதான் எனக்குள்ளயும் ஓடுது.

— அடி பாவி, ஆர் உன்னைக் கேட்டது? வெளியில தெரிஞ்சால் உன்னை ஆர் எடுப்பினம்?

— அவர் ஒண்டையும் ஒளிக்கேல்லை. ஒளிச்சது நாங்கள். எங்கட வீட்டில பொம்பிளை எடுக்கலாமோ எண்டு இப்ப அவர்தானம்மா யோசிக்கவேணும்.