புதன்கிழமை வாங்க

ஆஸ்பத்திரி வேலையில் பாதிக்கு மேல் ஆட்களைக் காத்திருக்க வைக்கிற வேலைதான். டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் பெஞ்சு, ஃபேன், டீ. அந்த மீதி நேரத்துக்குப் பொறுப்பாளனாகப் பதினைந்து வருஷம் இருந்தவன் நான்.

ஸ்ரீநிவாசன் சார், விசாரணைக்கு வந்த நீங்கள் சென்னைக்காரர் என்பதால் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். நல்லதாய்ப் போயிற்று. மராத்தியில் எனக்குச் சண்டை போட வரும், விளக்கம் சொல்ல வராது. பெயர் அருணாச்சலம், வயது ஐம்பத்து நாலு, குடியிருப்பது சாங்வி. ஔந்தில் இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சந்திரிகா மேடத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளன்.

நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. 2000லிருந்து இந்த 2006 வரை நானூறு குழந்தைகளுக்கு மேல் தலைக்குள் அந்தப் புதுக் குழாயோடு இருக்கிறார்கள். எல்லோரையும் கூப்பிட்டு மாற்றுவதா, விட்டுவிடுவதா என்பது நான் சொல்லப்போவதைப் பொறுத்தது என்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து வரவேண்டும்.

மூளையில் நீர் ஊறுவது எல்லோருக்கும் உள்ளதுதான். சில குழந்தைகளுக்கு அது வடிகிற வழி அடைத்துக்கொள்ளும். தலை பெருக்கும். கண் கீழே இறங்கிப்போய் வெள்ளை மட்டும் மேலே தெரியும். எங்கள் பெண்கள் நீர் கோத்துக்கொண்டது என்று சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். முன்பு நாங்கள் இருந்த போபோடியில், தமிழ்க் கூலிக்காரர்கள் சந்திலேயே அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அம்மாக்காரி கூலிக்குப் போகும்போது பக்கத்தில் ஒரு ரொட்டியை வைத்துவிட்டுப் போவாள். எறும்பு வரும். நாலு வயதில் போய்ச் சேர்ந்தது.

வைத்தியம் இல்லாமல் இல்லை. தலைக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் இறக்கி, வயிற்றில் கொண்டுபோய் விட்டால் நீர் வடிந்துவிடும். நடுவில் ஒரு வால்வு. வெளிநாட்டுக் குழாய் எங்கள் ஆட்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. 1996இல் இங்கேயே ஒரு பட்டறையில் மலிவாக ஒரு குழாய் செய்தார்கள். அது வெளிநாட்டுக் குழாய்க்குச் சமமா என்று பார்ப்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. நூற்றிருபது குழந்தைகள். எந்தக் குழந்தைக்கு எந்தக் குழாய் என்பதை மனிதர் யாரும் தீர்மானிக்கக் கூடாது. மும்பையிலிருந்து நூற்றிருபது கவர்கள் ஒட்டி, நம்பர் போட்டு வந்தன. உள்ளே ஏ என்றிருந்தால் வெளிநாடு, பி என்றிருந்தால் புதுசு. குழந்தையை ஆபரேஷன் மேஜையில் கிடத்திய பிறகு வரிசைப்படி அடுத்த கவரை மேடம் திறப்பார். கவர்கள் இருந்த பீரோவின் சாவி என்னிடம்.

முதல் பதிமூன்று கவர்கள் நேர்மையாகத் திறக்கப்பட்டன. புதுக் குழாய் ஆறு குழந்தைகளுக்குப் போயிற்று. அந்த ஆறில் நாலு குழந்தைகள் வாந்தியோடு திரும்பி வந்தன. குழாய் அடைத்திருந்தது. அதில் இரண்டு பிழைக்கவில்லை. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ரெண்டு இப்படி வந்தா நிறுத்திடலாம் அருணாச்சலம். என்னால அந்தத் தாய்மாரோட மூஞ்சியைப் பாக்க முடியல."

நிறுத்தினால் அந்தக் குழாய் அத்தோடு போயிற்று. கட்டிலுக்கு அடியில் கிடப்பவர்கள் கிடக்க வேண்டியதுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. குழாயின் மேல் என்ன குற்றம்? அதற்கு வாய்த்த ஆறில் நாலு சோப்ளாங்கிப் பிள்ளைகள். உளுத்த செங்கல்லைக் கொடுத்துவிட்டுக் கொத்தனைக் குறை சொல்கிற மாதிரி.

இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாலு வயதில் நானே கலவைச் சட்டி சுமந்தவன். போபோடி நாக்காவில், கூலிக்கு ஆள் எடுக்கிற முச்சந்தியில், விடியற்காலையில் வரிசையாக நிற்போம். மேஸ்திரி வருவார், இங்கே முகாதம் என்பார்கள். பேச மாட்டார். கெண்டைக்காலைப் பார்ப்பார், கழுத்தெலும்பைப் பார்ப்பார், நீ வா, நீ வேண்டாம். மூணாவது மாடிவரை ஏறுகிறவன் யார், முதல் மாடியில் குந்துகிறவன் யார் என்று அவருக்குத் தெரியும். ஐந்தாறு வருஷம் நின்றதில் எனக்கும் தெரிந்துவிட்டது. பச்சைக் குழந்தையிலும் அது தெரியும். அழுகிற சத்தம், தொடைச் சதை, பாலை இழுக்கிற வேகம், தூக்கியிருக்கிற பெண்ணின் முழங்கை. ஒரு நிமிடம் போதும்.

கவர் பழுப்புக் காகிதம். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஸ்கேன் படங்களை மாட்டிப் பார்க்கிற வெளிச்சப் பெட்டி ஒன்று எங்கள் அறையில் உண்டு. கவரை அதன் மேல் வைத்து விரலால் அழுத்தினால் எழுத்து தெரியும். கவரின் நம்பரை மாற்ற முடியாது. குழந்தையின் முறையை மாற்றலாம். யாரை இன்றைக்கு அட்மிஷன் போடுவது, யாரை அப்புறம் வரச் சொல்வது என்பது என் கையில்தான் இருந்தது.

அடுத்த கவர் பி என்றால் திடமான குழந்தையை அனுப்புவேன், ஏ என்றால் நோஞ்சானை. திடமான குழந்தை அன்று வரவில்லை என்றால், வந்திருக்கிற நோஞ்சானைத் திருப்பி அனுப்புவேன். ஸ்கேன் மெஷின் ரிப்பேர், புதன்கிழமை வாங்க என்பேன். ஏழைகள் அதை நம்புவார்கள். அவர்கள் போகிற இடத்திலெல்லாம் மெஷின் ரிப்பேராகத்தான் இருக்கும்.

நம்பாதவள் ஒருத்தி இருந்தாள். சத்தியவதி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், போபோடியில் அப்போது எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி. 1997இல் ஐந்து மாதப் பையனோடு வந்தாள். கிரேக் என்று பெயர். தொடையில் தோல் தொங்கியது. பாலை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிட்டான். கண் இறங்கியிருந்தது. அடுத்த கவர் பி.

மூன்றாம் நாள் அவள் என் மேஜைமேல் பையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, முந்தாநேத்தும் இதத்தான சொன்னிய. ஒங்க மெஷினுக்கு நெதமும் காய்ச்சலா? அதுக்கும் ஒரு பற்றுப் போட்டுப் பாக்கலாம்லா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இந்தா பாரும்மா, பார்ட்ஸ் மும்பையிலிருந்து வரணும். நான் என்ன கைல வச்சுக்கிட்டா இல்லேங்கிறேன்?"

"புள்ள ராத்திரி பூரா கத்துதான் அண்ணாச்சி. இன்னிக்குக் காலைல கத்தல. அதான் பயமா இருக்கு."

"கத்தலேன்னா நல்லதுதானே. தூங்குறான். புதன்கிழமை வா."

கத்தாமல் இருப்பது நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் சாங்வியிலிருந்து ஒரு கொழுத்த பெண் குழந்தை வந்தது, பி அதற்குப் போயிற்று. அதற்கடுத்ததும் பி. அதற்கும் ஓர் ஆள் கிடைக்க நாளாயிற்று. மொத்தம் ஒன்பது நாள். பத்தாவது நாள் ஏ வந்தது. கிரேக்கை அனுப்பினேன். அவனுக்கு அருமையான வெளிநாட்டுக் குழாய் கிடைத்தது. பிழைத்துக்கொண்டான். கண் நரம்பு மட்டும் அதற்குள் செத்துவிட்டது. இப்போது ஒன்பது வயது, பார்வை கிடையாது. தன் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தேன் என்று சத்தியவதி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொண்டுவருகிறாள். பையன் என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "மாமா மீசைய எடுத்துட்டாவ" என்பான். கேக்கை நான் வாங்கிக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டி வரும்.

எத்தனை என்று கேட்டீர்கள். முறை மாற்றி அனுப்பியது முப்பத்தொரு குழந்தைகள். புதன்கிழமை வாங்க என்று சொல்லி, அந்தப் புதன்கிழமை வராமலே போனவை ஒன்பது. அதில் ஏழு இறந்தது எனக்கு உறுதியாகத் தெரியும், வீடுகளுக்குப் போய் விசாரித்தேன். அந்த ஒன்பதும் மேடத்தின் கட்டுரையில் இல்லை. மேஜைக்கு வந்து கவர் திறந்தால்தான் குழந்தை ஆராய்ச்சியில் சேரும். வாசலோடு போனது சேராது. இது நான் செய்த விதி இல்லை.

1999இல் முடிவு வந்தது. புதுக் குழாய் வெளிநாட்டுக் குழாயைவிட ஒரு படி மேல் என்றே வந்தது. வராமல் எப்படி இருக்கும், தேறுகிற பிள்ளைகளாகப் பார்த்து அனுப்பியது நான். மேடம் எல்லோருக்கும் பேடா கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல நான் பயந்துட்டேன், நீங்க நம்பிக்கையா நின்னீங்க" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு குழாய் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. அங்கே ஆள் பார்த்துப் பொறுக்க யாரும் இல்லை, வந்த பிள்ளைக்கெல்லாம் போட்டார்கள். அடைத்துக்கொண்டது என்று கடிதங்கள் வந்தன. கட்டுரையில் நல்லது என்று இருக்கிறதே, அப்போது தப்பு போட்ட கையில்தான் இருக்கும் என்று மேடம் நினைத்தார். போட்டவர்களும் தங்கள் கையைத்தான் சந்தேகித்தார்கள். புதிதாகச் சேர்ந்த டாக்டர் கிரிஜாதான் போன வருஷம், வருகிறவர்களை நான் எழுதி வைத்த வாசல் பதிவேட்டையும் கவர் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. கெட்டிக்காரப் பெண்.

இனி ரியா விஷயம். அதை நேற்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள், நான் தண்ணீர் கேட்டேன்.

2003இல் என் மகள் ரீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, அவள்தான் ரியா. மூன்றாம் மாதம் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது உச்சி புடைத்திருப்பது என் கையில் தட்டுப்பட்டது. ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்தாயிற்று. மேடம் படத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார்.

"எதுக்குப் பயப்படறீங்க? நாளைக்குக் காலையில முதல் கேஸ். நம்ம குழாய்தான்."

எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, சென்னையில் வைத்துத்தான் செய்யவேண்டும் என்றேன். வேண்டுதல் எதுவும் இல்லை. அன்று மாலையே ரயில் ஏறினோம். அங்கே டாக்டரிடம் வெளிநாட்டுக் குழாய்தான் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி மேலே எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ரியா திடமான குழந்தை. என் கண் பி என்றுதான் சொல்லியிருக்கும்.

புதுக் குழாயில் கோளாறு இல்லை என்பதே என் கருத்து. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நானூறு தாய்மாரைக் கூப்பிட்டுப் பதற வைக்க வேண்டியதில்லை, அந்தப் பிள்ளைகள் அப்படியே இருக்கட்டும். ரியாவை இதோடு சேர்த்துப் பேசாதீர்கள் சார். அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை.