என் கல்யாணத்துக்கு ஒங்க ஸ்பீக்கர்

பிழை பாட்டுல இல்ல நளீம் நானா, எங்க தேயிலத் தோட்டத்து ஆளுகளோட காதுலதான். நீங்களும் ஸ்பீக்கர் கட்டுற ஆளு, நீங்களே சொல்லுங்க. ஆர்மேனியான்னு ஒரு நாடு. அங்கயும் மலைதானாம். அங்க கல்யாண வீட்டுல கைதட்டி ஆடுற பழைய பாட்டு அது. இப்ப ஒரு பாட்டுக்காரப் புள்ள அத எடுத்து, ஆட்டத்தையெல்லாம் கழட்டிப்போட்டு, மெதுவா... பின்னால ஒத்தக் கொழல மட்டும் ஊத விட்டு... ஐயோ நானா, போன்ல கேட்டப்போ எனக்கு ஷெனாலி மொகந்தான் வந்துச்சு. நாப்பது தடவ கேட்டிருப்பேன்.

ஷெனாலி நான் கட்டிக்கப்போற பொண்ணு. போன ஞாயித்துக்கெழம நிச்சயம். எல்கடுவயில ஸ்பீக்கர் கட்டுற ஒரே ஆள் நாந்தானே, அதனால பொண்ணு வீட்டுல விடியக்காலையே நானே போய்க் கட்டினேன். மாதா பாட்டு ஒண்ணு முடிஞ்சதும் இதப் போட்டேன். சத்தத்த முழுசா வச்சேன், அது வேற.

எங்க லயத்து வீடுகள்ல காலையில ஸ்பீக்கர்ல மெதுவாப் பாட்டு வந்தா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். பொண்ணோட அப்பா இராயப்பன் மாமாவுக்கு ஒரு மாசமா இருமல் வேற. அவருதான் போயிட்டாருன்னு ஆளுகளே முடிவு பண்ணிட்டாங்க. மேல் லயத்துலருந்து சாவு வீட்டுக்குன்னு சீனியும் தேயிலையுமா வாராங்க, தப்பு அடிக்கிறவங்க வாராங்க, உபதேசியார் செபப் புஸ்தகத்தோட வாராரு. மாமா கக்கூஸ்லருந்து வாளியோட வாராரு, வாசல்ல மரியாயி அக்கா அவரப் பத்தி ஒப்பாரி வைக்கிது. மாமா என்ன பண்ணாரு தெரியுமா நானா? தன்னப் பத்தி என்ன நல்லது சொல்றாங்கன்னு கொஞ்ச நேரம் நின்னு கேட்டாரு. அக்கா நிமிந்து பாத்துட்டு மயங்கி விழுந்துருச்சு. சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது.

அப்புறம் கல்யாணமே கெடையாதுன்னுட்டாரு. நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல. நேத்துதான் மனசு மாறினாரு, ஆனா கல்யாணத்துக்கு என் ஸ்பீக்கர் ஆகாதாம். அதான் மாத்தளைக்கு ஒங்களத் தேடி வந்தேன்.

ஷெனாலி மொதல்லயே சொன்னா, 'வேணாங்க, அழுவுற மாதிரி இருக்கு'ன்னு. நாந்தான் கேக்கல. அத விடுங்க. இப்ப அவளே சமையக்கட்டுல அதத்தான் முணுமுணுக்கிறாளாம், அப்பாவுக்குத் தெரியாம. அதனால நானா, நாங்க கோயில்லருந்து வாரப்போ ஒரே ஒருக்கா, சத்தத்தக் கொறச்சு... பாட்டு இந்தா போன்லயே இருக்கு... நானா, எங்க போறீங்க? கடை ஷட்டர ஏன் எறக்குறீங்க? நான் உள்ளதான் இருக்கேன்.